இரைச்சலுக்குள் எஞ்சிய காலப்பிரமாணம்: பழைய பியானோ பதிவுகளும் அவற்றின் சேகரிப்பும்

மேற்கத்தியச் செவ்வியல் பியானோ பதிவுகளைச் சேகரிப்போரில் ஒரு சாரார், தெளிவான புதிய பதிவுகள் எத்தனை வந்தாலும், கரகரக்கும் பழைய தட்டுகளையே தேடிப் போகிறார்கள். இதைப் பழமை மோகம் என்றோ அரிய பொருள் மீதான ஆசை என்றோ சொல்லி ஒதுக்குவது வழக்கம். அந்த இரண்டும் அவர்களிடம் இல்லாமலில்லை. ஆயினும் பியானோ வாசிப்பின் வரலாறு எப்படி எழுதப்பட்டது என்று பின்தொடர்ந்தால், இந்தப் பழக்கத்துக்குள் வலுவான ஒரு நியாயம் இருப்பது புலப்படும். மோசமான ஒலிப்பதிவு வாசிப்பின் எல்லாக் கூறுகளையும் ஒரே அளவில் அழிப்பதில்லை. நாதத்தின் நிறத்தையும் ஒலியின் ஏற்ற இறக்கத்தையும் அது பெரிதும் தின்றுவிடுகிறது. எந்தச் சுரம் எந்தக் கணத்தில் விழுந்தது என்பதை ஏறக்குறைய அப்படியே விட்டுவைக்கிறது. நாதத்தை அறிய நமக்கு வேறு வழி உண்டு. அக்காலத்து எரார், பெக்ஸ்டைன் பியானோக்கள் பல இன்றும் வாசிக்கும் நிலையில் இருக்கின்றன. வாசித்தவரின் காலக் கையாளலையோ எந்த வாத்தியமும் நினைவில் வைத்திருப்பதில்லை. அச்சிட்ட சுரக்குறிப்பும் அதைச் சொல்வதில்லை.

தொழில்நுட்பத்தைப் பார்த்தால் இது விளங்கும். 1925 வரை பதிவுக்கு மின்சாரம் பயன்படவில்லை. கலைஞர் ஒரு கூம்பின் முன் வாசிப்பார். அதில் திரண்ட அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் தடம் கீறும். அம்முறை ஏற்றுக்கொண்டது சுமார் 168 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரையான ஒலியை மட்டுமே. பியானோவின் மிகத் தாழ்ந்த சுரம் 27.5 ஹெர்ட்ஸ், மிக உயர்ந்தது 4186 ஹெர்ட்ஸ். கீழ் இரண்டரை ஸ்தாயியின் அடிப்படை அதிர்வுகள் தட்டில் ஏறவே இல்லை. மேற்சுரங்களை வைத்துக் காதுதான் அவற்றை ஊகித்துக்கொள்கிறது. 1925 மார்ச் 21 அன்று அமெரிக்காவின் கேம்டனில் விக்டர் நிறுவனத்துக்காக ஆல்ஃபிரெட் கோர்த்தோ ஒலிவாங்கி முன் வாசித்தபோது இந்த எல்லை விரியத் தொடங்கியது. 1932 முதல் 1935 வரை லண்டனில் ஆர்தர் ஷ்னாபெல் பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் பதிவுசெய்தார். முன்பணம் கட்டிய உறுப்பினர்களுக்குத் தொகுதி தொகுதியாகத் தட்டுகள் போயின. அவற்றை வாங்கியவர்கள் ஒலி மோசம் என்று நினைக்கவில்லை. அந்த எண்ணம் பரவியது 1948இல் எல்.பி. தட்டு வந்த பிறகுதான். ‘மோசமான ஒலி’ என்பது பின்னோக்கிச் சூட்டப்பட்ட பெயர் என்பதை நினைவில் வைப்பது நல்லது.

அந்தத் தடங்களில் யாருடைய விரல்கள் பதிந்தன என்பதே இதன் முக்கியத்துவத்தைத் தீர்மானிக்கிறது. 1889 டிசம்பர் 2 அன்று வியன்னாவில், எடிசனின் பிரதிநிதி தியோ வாங்கெமான் கொண்டுவந்த கருவியின் முன் பிராம்ஸ் தம் முதலாம் ஹங்கேரிய நடனத்தின் ஒரு பகுதியை வாசித்தார். கேட்கக் கிடைப்பதில் முக்கால்வாசி இரைச்சல். தாளத்தின் உந்துதல் மட்டும் அதைத் துளைத்துக்கொண்டு வருகிறது. 1903இல் பாரிஸில் கிரீகும், 1904இல் சான்-சான்ஸும் தட்டுகளில் வாசித்தார்கள். 1839இல், ஷோப்பான் உயிரோடிருந்தபோதே பிறந்த ஃபிரான்சிஸ் பிளாந்தே, 1928இல் மோன்-த-மார்சானில் பதிவுசெய்யப்பட்டார். லிஸ்ட்டின் மாணவர்களான சாவர், ரோஸன்தால், லமாண்ட், டி கிரீஃப் ஆகியோரின் தட்டுகளும் உள்ளன. என் பார்வையில் இவை எல்லாவற்றையும்விட அதிகம் பேசுபவை ஃபேன்னி டேவிஸின் பதிவுகள். அவர் கிளாரா ஷூமானின் மாணவி. கிளாரா மரபு எழுதியதை எழுதியபடி வாசிக்கும் கண்டிப்பான மரபு என்று பெயர் பெற்றது. அப்படியிருக்க, 1929இலும் 1930இலும் அவர் வாசித்த ஷூமான் படைப்புகளில் இடது கை முந்துகிறது, வலது கை சற்றுப் பிந்தி வருகிறது. எழுதப்பட்ட குறிப்பில் ஒன்றாக நிற்கும் சுரங்கள் காதில் ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன. பின்வந்த இசைக்கல்லூரிகள் குறை என்று திருத்திய இந்தப் பழக்கம், 19ஆம் நூற்றாண்டில் ‘கண்டிப்பான’ ஆசிரியரின் மாணவியிடமும் இயல்பாக இருந்திருக்கிறது. இதை எந்தப் பாடநூலும் இவ்வளவு திட்டமாகக் காட்டாது.

இந்தச் சான்றுகளை முதலில் காத்தவர்கள் பல்கலைக்கழகத்தார் அல்லர். எல்.பி. வந்ததும் அரக்குத் தட்டுகள் வணிக மதிப்பை இழந்தன. தனிச் சேகரிப்பாளர்கள் அவற்றை வாங்கி அடுக்கினார்கள். அத்தகைய ஆர்வலர்கள் 1965இல் அமெரிக்காவில் தொடங்கிய பன்னாட்டுப் பியானோ நூலகம், 1977இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆர்வலர் நடத்திய சிறு வெளியீட்டகங்கள் அதன்பின் பெருகின. அவற்றுள் மார்ஸ்டன் நிறுவனம் 2008இல் யூலியுஸ் பிளாக்கின் மெழுகு உருளைப் பதிவுகளை வெளியிட்டது. பிளாக் ரஷ்யாவில் வாழ்ந்த வணிகர், பொழுதுபோக்காகப் பதிவுசெய்தவர். அவருடைய உருளைகள் இரண்டாம் உலகப்போரில் அழிந்தன என்றே நம்பப்பட்டது. பிற்பாடு அவை புனித பீட்டர்ஸ்பர்க்கின் புஷ்கின் இல்லத்தில் கிடைத்தன. ரஷ்ய இசையமைப்பாளர் தனேயெவ் மொஸார்ட்டை வாசிப்பதை அப்படித்தான் இன்று கேட்கிறோம். ஆய்வுலகம் பிறகுதான் வந்தது: ராபர்ட் பிலிப்பின் ‘தொடக்கக் காலப் பதிவுகளும் இசைப் பாணியும்’ என்ற நூல் 1992இல், நீல் பெரஸ் ட கோஸ்தாவின் நூல் 2012இல்.

இதற்கு எழும் மறுப்புகளில் கனமானது ஒன்று: பதிவுக்கூடமே வாசிப்பைத் திரித்திருக்கலாம். பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நாலு நிமிடம் சொச்சம்தான் ஓடும். லிஸ்ட் அமைத்த ஃபௌஸ்ட் வால்ட்ஸை அதற்குள் அடக்கும்படி கேட்டார்கள் என்று புசோனி 1919இல் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் நொந்துகொண்டார். அவசரம் சில தட்டுகளில் உண்மைதான். தனித்த ஒரு தட்டின் வேகத்தை வைத்து வாதம் கட்டுவது ஆபத்து. ஆனால் பெரிய படைப்புகள் பல பக்கங்களுக்குப் பரவியபோது இந்த நெருக்கடி பெரும்பாலும் தளர்ந்தது. 1938இல் சாவர், தம்மைப்போலவே லிஸ்ட்டிடம் பயின்ற வைன்கார்ட்னரின் இயக்கத்தில் வாசித்த லிஸ்ட் கான்செர்ட்டோக்கள் நிதானமாக, சொல்லப்போனால் பிற்காலத்தவரைவிட மெதுவாகவே நடக்கின்றன. மேலும், கைகள் பிரிந்து விழுவதை நாலு நிமிடக் கெடு விளக்காது. நேரத்தை மிச்சப்படுத்த யாரும் அப்படி வாசிக்க மாட்டார்கள்.

இன்னொரு மறுப்பு, இரைச்சலே இல்லாத மாற்று இருக்கும்போது தட்டு எதற்கு என்பது. 1904இல் ஜெர்மனியில் வந்த வெல்டே-மிக்னோன் துளைச்சுருள்கள், வாசிப்பைத் துளைகளாகப் பதிந்து நல்ல பியானோவில் மீண்டும் ஒலிக்கச் செய்தன. 1824இல் பிறந்த ரைனெக்கேயைக் கேட்க வேறு வழியே இல்லை. ஆனால் சுருளில் துளைகளைப் பிற்பாடு திருத்த முடியும். அது ஓடும் வேகமும் திரும்ப வாசிக்கும் கருவியின் நிலையும் சேர்ந்தே பலனை முடிவுசெய்கின்றன. தட்டில் வேகத்துக்குச் சுருதியே சாட்சி. ஆறு சதவீதம் வேகம் கூடினால் சுருதி அரைச்சுரம் ஏறிவிடும்; இ ஃபிளாட்டில் அமைந்த நாக்டர்ன் இ-யில் ஒலித்தால் பிழை உடனே தெரிந்துவிடும். ராக்மானினாஃப் தம் சி ஷார்ப் மைனர் பிரெலூடை 1919, 1921, 1928 என மும்முறை தட்டில் வாசித்தார், சுருளிலும் வாசித்தார். இப்படி ஒருவரையே பல முறைகளில் ஒப்பிட முடிகிற இடங்களில்தான் சுருளின் சாட்சியத்தை நிறுத்துப் பார்க்க முடிகிறது. அங்கேயும் நிறுவைக் கல்லாக இருப்பது தட்டே.

ஒலி மங்கலாக இருந்தால் ஏமாற இடமுண்டு என்பதையும் மறுக்க முடியாது. 1966இல் தினு லிபாட்டி வாசித்ததாக வெளிவந்த ஷோப்பான் கான்செர்ட்டோ, உண்மையில் ஹலீனா செர்னி-ஸ்டெஃபான்ஸ்காவின் பதிவு என்று 1981இல் அம்பலமானது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதை ரசித்தவர்களில் தேர்ந்த காதுக்காரர்களும் இருந்தார்கள். பெயருக்காகக் கேட்டதன் விளைவு இது. சேகரிப்பாளர் தலைகுனிய வேண்டிய இடம்தான். ஆனால் குட்டு வெளிப்பட்டதும் இரு பதிவுகளை நேருக்கு நேர் ஒப்பிட்டுக் கேட்டதால்தான். யாரோ இரண்டையும் வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. சூரிச்சில் 1950இல் லிபாட்டி உண்மையிலேயே வாசித்த கச்சேரியின் பதிவும் பின்னர் கிடைத்தது.

இன்றைய அபாயம் வேறு திசையிலிருந்து வருகிறது. இரைச்சலை அளவுக்கு மீறி வடிகட்டும் மென்பொருள்கள், அதே அலைவரிசையில் இருக்கும் மேற்சுரங்களையும் சுத்தியல் கம்பியைத் தொடும் முதல் கணத்தையும் சேர்த்தே அரித்துவிடுகின்றன. அந்தத் தொடுகணம் மழுங்கினால், எந்தக் கை முந்தியது என்ற கேள்விக்கே விடை மங்கிப்போகும். சாதாரணக் கேட்பவருக்கு மெருகேற்றிய வடிவம் இருக்கட்டும். ஆனால் மறுவெளியீடு செய்யும் நிறுவனங்களும் காப்பகங்களும் வடிகட்டாத நேர்ப்படியையும், தட்டைச் சுழற்றிய வேகம், பயன்படுத்திய ஊசியின் அளவு ஆகிய விவரங்களோடு, ஆய்வாளர் கைக்கு எட்டும்படி வைக்க வேண்டும்.