கல்வராயன் மலையின் ரத்தக் கணக்கு

சாலி மீட்டர் என்று நாங்கள் சொல்லும் கருவி கைக்கு அடக்கமான ஒரு பெட்டி. இரண்டு பக்கமும் பழுப்புக் கண்ணாடி, நடுவில் கோடு போட்ட குழாய். குழாயில் இரண்டாம் கோடு வரை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, விரல் நுனியில் குத்தி எடுத்த 20 கன மில்லிமீட்டர் ரத்தத்தைப் பிப்பெட்டில் வாயால் உறிஞ்சி அதில் கலப்போம். ரத்தம் பழுப்பாக மாறப் பத்து நிமிஷம் ஆகும். அப்புறம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். கண்ணாடியின் நிறமும் குழாயின் நிறமும் ஒன்றாகும் இடத்தில் எந்தக் கோடு இருக்கிறதோ, அதுதான் ஹீமோகுளோபின். ட்யூப்லைட்டில் பார்த்தால் நிறம் ஏமாற்றும், பகல் வெளிச்சம் வேண்டும். மலையில் மூடுபனி இறங்கிய நாட்களில் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படிக்கு வந்து நிற்போம். சுவிட்சர்லாந்தில் ஹெர்மன் சாலி என்ற மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த முறை அது. அந்த நூற்றாண்டு முடியும்போதும் எங்கள் மேசையில் அதுதான் இருந்தது.

நான் லேப் டெக்னீஷியனாக வேலைக்குச் சேர்ந்தபோது கள்ளக்குறிச்சி தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டம் ஆனது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டம் ஆகி, கல்வராயன் மலை ஒரு தாலுகா ஆனது. இத்தனை காலமும் ஆஸ்பத்திரி வாசலில் நான் அதிகம் கேட்ட பேச்சு ஒன்றுதான். "ஒரே அசதியா இருக்குது. நாலு அடி வெச்சா மூச்சு வாங்குது. கண்ணு இருட்டிகிட்டு வருது." சொன்னவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். அதே காலத்தில் அடிவாரத்தில் இன்னொரு பேச்சும் காதில் விழும்: மலையாளுங்க சோம்பேறிங்க, பாதி வேலையில உட்கார்ந்துடுவாங்க. 6 கிராம் ஹீமோகுளோபினோடு விறகுக்கட்டைத் தலையில் வைத்து மேடு ஏறி வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். இருக்க வேண்டியது 12 கிராம். அவர்களைச் சோம்பேறி என்று சொன்னவர்கள் யாரும் பாதி ரத்தத்தோடு ஒரு குடம் தண்ணீர் தூக்கிப் பார்த்ததில்லை.

இந்த அசதிக்கு ஒரு சரித்திரம் உண்டு. மலையில் வாழ்பவர்கள் பெரும்பாலும் பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்று இருக்கும் மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. தென்னாற்காடு பக்கத்து மலை மூன்று ஜாகிர்களாக, அதாவது ஜமீன் போன்ற ஆட்சிகளாக, இருந்தது: சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன். நாடு விடுதலை அடைந்து முப்பது வருஷம் நெருங்கும்போதுதான், 1976இல், ஜாகிர்களை அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. வண்டி போகும் சாலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் பெரும்பாலும் அதற்கப்புறம் வந்தவை. சமவெளியில் இரும்புச்சத்து மாத்திரைத் திட்டம் 1970இலேயே தொடங்கிவிட்டது. மலைக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு நர்ஸ் நடந்து ஏற வேண்டியிருந்தது.

ரத்தம் எங்கே போனது என்று கேட்டால் முதலில் மண்ணைத்தான் காட்டுவேன். கொக்கிப்புழுவின் குஞ்சு ஈர மண்ணில் காத்திருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, குடலில் போய்க் கடித்துக்கொண்டு உட்கார்கிறது. தோல் வழியாக நுழைகிறது என்பதை 1898இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்தார். புழுக்குஞ்சு இருந்த நீர் தற்செயலாக அவர் கையில் சிந்தி, அரிப்பு எடுத்ததில் தொடங்கியது அது. நம் பக்கத்தில் அதிகம் உள்ள வகையில் ஒரு புழு ஒரு நாளைக்கு 0.03 மில்லி ரத்தம் குடிக்கும். அற்பமாகத் தெரியும். நூறு புழு இருந்தால் 3 மில்லி, அதாவது 1 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து. ஒரு நாள் முழுக்கச் சாப்பிட்ட சோற்றிலிருந்து உடம்பு பிரித்து எடுப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழை வெள்ளைக்காரர்களையும் பிறவிச் சோம்பேறிகள் என்றுதான் சொல்லிவந்தார்கள். 1902இல் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் அந்த ஏழைகளின் குடலில் இந்தப் புழுவைக் காட்டியதும் பத்திரிகைகள் அதற்குச் சோம்பேறிக் கிருமி என்றே பெயர் வைத்தன. அங்கே புழு ஒழிப்பில் இறங்கிய ராக்ஃபெல்லர் அமைப்பு 1920களில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஜே. எஃப். கெண்ட்ரிக் என்ற மருத்துவர் இங்கே தங்கி அந்த வேலையைப் பார்த்தார். மருந்து கொடுத்தால் புழு போகும், கக்கூஸ் இல்லாவிட்டால் திரும்ப வரும் என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

எங்களிடம் மலத்தைத் தீப்பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார்கள். இலையில் மடித்தும் வரும். ஸ்லைடில் உப்புநீர் ஒரு சொட்டு, ஈர்க்குச்சி முனையில் கொஞ்சம் மலம், மேலே கவர்ஸ்லிப். மைக்ராஸ்கோப்பில் மெல்லிய ஓட்டுக்குள் நாலு செல்லாகப் பிரிந்த முட்டை தெரியும். இப்போது 2015 முதல் நாடு முழுக்கக் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரையைச் சப்பிச் சாப்பிட வைக்கிறார்கள். பெரியவர்களில் பெரும்பாலோரை அப்படி யாரும் வரிசையில் நிறுத்துவதில்லை. மரவள்ளிக் காட்டில் செருப்பில்லாமல் நிற்பவர்கள் பெரியவர்கள்தான். களைப்பு என்று வரும் பெரியவருக்கும் புழு மருந்து கேட்டு வாங்குங்கள் என்று நான் யாரைப் பார்த்தாலும் சொல்வேன்.

அடுத்தது சாப்பாடு. சாமைச் சோறும் தினையும் கேழ்வரகுக் களியும் கீரையுமாக இருந்த தட்டில் ரேஷன் அரிசி வந்தது. காட்டில் சேகோ ஆலைக்குப் போகும் மரவள்ளி வந்தது. அரிசி பசியைப் போக்கியது என்பதை மறுக்க மாட்டேன். பஞ்சம் பார்த்த கிழவிகள் ரேஷன் அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். ஆனால் பாலிஷ் போட்ட அரிசியில் இரும்பு மிகக் குறைவு, மரவள்ளியிலும் அப்படித்தான். சிறுதானியத்துக்குத் திரும்பினால் போதும் என்று இப்போது பேசுகிறவர்களிடமும் எனக்கு ஒரு சொல் உண்டு. தானியத்தில் இருக்கும் ஃபைட்டேட் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புளிப்பும் எலுமிச்சையும் நெல்லியும் கூட இருந்தால்தான் இரும்பு உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேர வேண்டியதும் சேராது. மலையில் டீக்கடை வந்ததும் பசிக்கு டீ என்று ஆனது. காலையில் வெறும் டீ, வேலைக்கு நடுவில் டீ, சோற்றுக்கு அப்புறமும் டீ.

இரும்புச்சத்துக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையின் சரித்திரத்தில் பாதி நம் ஊரைச் சேர்ந்தது. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைக் குடியிருப்புகளில் கர்ப்பிணிகள் ஒருவகைச் சோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய ரத்த அணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், சென்னை திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும், அதாவது இன்றைய கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரியிலும், அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். ஈஸ்டிலிருந்து எடுக்கும் மார்மைட்டைக் கொடுத்தால் அந்தச் சோகை குணமாகிறது என்று 1931இல் எழுதினார். அதில் என்ன சத்து இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். கர்ப்பிணிக்கு நர்ஸ் கொடுக்கும் மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது அதுதான். திருவல்லிக்கேணிப் பெண்களின் ரத்தத்தில் படித்த பாடம் எங்கள் மலையின் கரியாலூர்ப் பெண்களுக்கு மாத்திரையாக வந்து சேர்ந்தது.

நம் சித்த வைத்தியர்கள் அதற்கு வெகு காலம் முன்பே அன்னபேதியைச் செந்தூரமாக்கிக் கொடுத்தார்கள். அன்னபேதி என்பது இரும்பின் உப்புதான். கூடவே கரிசலாங்கண்ணி. நோயை அவர்கள் பாண்டு என்றார்கள். முகமும் நகமும் நாக்கும் வெளுத்ததைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கண்ணுக்கு நான் மரியாதை கொடுப்பவள்.

மாத்திரை கொடுத்தும் ரத்தம் ஏறாதது ஏன் என்றால், பாதி மாத்திரை பானைக்குள் போனது. மலம் கறுப்பாகப் போகும், வயிறு பிரட்டும், பிள்ளை பெரிதாகிப் பிரசவம் கஷ்டமாகும் என்ற பயமும் இருந்தது. மலம் கறுப்பது இரும்பின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. வயிறு பிரட்டினால் ராத்திரி படுக்கும் முன் சாப்பிடலாம். டீயிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி, எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் நல்லது. ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் 1 கிராமாவது ஏற வேண்டும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடம்பில் இருப்பு சேரும். பிரசவம் நெருங்கிவிட்டவர்களுக்கு ஊசி வழியாக இரும்பு ஏற்றுகிறார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை. இது மலைக்கு மட்டும் உள்ள நோய் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சி நகரத்து டீச்சர்களும் 9 கிராமோடு வந்தார்கள். அவர்களில் பலருக்குக் காரணம் மாதவிலக்கில் அதிகமாகப் போகும் ரத்தம். கேட்டால்தான் சொல்வார்கள். பத்து நாள் போகிறது என்பதை வழக்கம் என்று நினைத்திருப்பார்கள். விலக்கு நின்ற பெண்ணுக்கோ ஆணுக்கோ ரத்தம் குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ ரத்தம் கசிகிறதா என்று பார்க்காமல் விடவே கூடாது.

ஒரு மாதம் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் மாத்திரையைக் கூட்டக் கூடாது, ரத்தத்தைப் பார்க்க வேண்டும். குறை ரத்த அணுவிலேயே இருக்கலாம். 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் அணுவைக் கண்டு எழுதினார்கள். நம் நாட்டில் அதைப் பற்றி வந்த முதல் பதிவுகளில் அது ஒன்று. ஒரு சொட்டு ரத்தத்தில் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் விட்டு, காற்றுப் புகாமல் மூடி வைத்தால், நோய்க்கூறு உள்ள அணுக்கள் வளைந்து அரிவாள் போல ஆகிவிடும். தலசீமியா என்ற இன்னொரு ரத்தக் கூறு அப்படிக் கண்ணுக்குத் தெரியாது. செல் கவுண்டர் இயந்திரம் வந்த பிறகு, அணு மிகச் சின்னதாகவும் எண்ணிக்கை அதிகமாகவும் காட்டினால் எங்களுக்குச் சந்தேகம் வரும். அடுத்து, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. சோதனை. இந்த இரண்டு கூறுகளும் பரம்பரையாக வருபவை. பற்றாக்குறை இருக்கிறதா என்று பார்க்காமல் வருஷக்கணக்கில் இரும்பு கொடுத்தால் ஈரலில் போய்ச் சேரும். தாயும் தகப்பனும் இருவருமே இதைச் சுமப்பவர்களாக இருந்தால் குழந்தை கடும் நோயோடு பிறக்கலாம். உறவுக்குள் பெண் எடுக்கும் ஊர்களில் கல்யாணத்துக்கு முன்பே இதைச் சோதிப்பது எவ்வளவு அவசியம் என்பதைப் பள்ளியிலேயே சொல்லித்தர வேண்டும். மலையின் மேற்கே சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் சிட்லிங்கி இருக்கிறது. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற மருத்துவத் தம்பதி அங்கே ஒரு குடிசையில் ஆஸ்பத்திரி தொடங்கி, உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். சொந்தப் பேச்சில் சொல்ல ஆள் இருந்தால் மாத்திரை பானைக்குள் போகாது.

ரத்தம் சரியாக இருந்தும் அசதி போகாதவர்கள் உண்டு. அவர்களுக்கு டானிக் எழுதி அனுப்புவதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கொதிக்கும். தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., சர்க்கரை, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், பால் மோர் கூட அதிகம் சேர்க்காத சைவக்காரர்களுக்கு பி12, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ மெலிவோ இருந்தால் சளி. எல்லாம் எழுதிக் கொடுக்கக்கூடிய சோதனைகள். ஒன்றிலும் காரணம் சிக்காவிட்டால் தூக்கத்தையும் மனசையும் பற்றிக் கேட்க வேண்டும். முன்பு இவற்றில் பலவற்றுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போக வேண்டியிருந்தது. ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும், அதனால் போகாமலே இருந்துவிடுவார்கள். 2022 ஜனவரியில் கள்ளக்குறிச்சிக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது.

கள்ளக்குறிச்சி அரிசி மில்லில் மூட்டை தூக்கும் ஒருவர் என்னிடம் வந்தார். 13 கிராமுக்கு மேல் ரத்தம், சர்க்கரை இல்லை. வருஷம் முழுக்க சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருந்தார். சாயங்காலம் ஆனால் காய்ச்சல் காய்வது போல இருக்கும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். சளி ஸ்லைடில் சிவப்புக் குச்சிகளாகக் காசநோய்க் கிருமி தெரிந்தது. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டார். முடிந்ததும் வந்து எடை பார்த்துவிட்டு, மில்லுக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போனார்.