சப்பாத்துக் கேட்ட ஆச்சி

நான் வேலை செய்யும் வாட்டில் ஒரு போர்த்துக்கேய ஆச்சி இருந்தார். மறதி நோய் அவருடைய ஆங்கிலத்தை முழுதாகக் கொண்டுபோய்விட்டது. ஒருநாள் இரவு இரண்டு மணிக்குக் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தபடி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவரைப் படுக்கவைத்துவிட்டு, 'குழப்பத்தில் இருக்கிறார்' என்று குறிப்பு எழுதத் தொடங்கினேன். பாதி எழுதும்போதுதான் அந்தச் சொல் உறைத்தது. சப்பாத்து! ஆச்சி குழம்பவில்லை. நிலம் குளிருது, கழிப்பறைக்குப் போகவேணும், சப்பாத்தைத் தா என்றுதான் கேட்டிருக்கிறார். போட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். பிறகு வந்து குறிப்பைத் திருத்தினேன்.

இந்தக் கோடை விடுமுறைக்கு நம் சபைக் குடும்பங்கள் சில லிஸ்பனுக்குப் போக ஆயத்தமாகின்றன. "அக்கா, நாலு வார்த்தை போர்த்துக்கேயம் சொல்லித்தாங்கோ" என்று வாலிபர் சிலர் கேட்டார்கள். நாலு அல்ல, அதைவிடக் கூடவே உங்கள் வீட்டில் இருக்கிறது. நாம் கதிரை என்பதை அவர்கள் 'கதெய்ரா' என்பார்கள். யன்னல் 'ஜனெலா', மேசை 'மேசா', அலுமாரி 'அர்மாரியு', குசினி 'குசீஞா', வாங்கு 'பாங்கு', லேஞ்சி 'லேன்சு'. பாணும் துவாயும் அங்கிருந்து வந்தவைதான். நாம் திறப்பு என்பதைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சாவி என்பார்கள். அதுவும் போர்த்துக்கேயச் சொல்லே.

இந்தச் சொற்கள் நம்மிடம் விருந்தாளிகளாக வரவில்லை. 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தார்கள். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள். சங்கிலி மன்னனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1621இல் நல்லூர்க் கோயிலை இடித்தார்கள். கிறிஸ்தவர்களாகிய நாம் இதைச் சொல்லாமல் தாண்டிப் போகக் கூடாது. 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தபோது போர்த்துக்கேயரின் ஆட்சி போனது, மொழி போகவில்லை. ஆசியத் துறைமுகங்களில் ஒருவருக்கொருவர் மொழி தெரியாதவர்கள் பேசிக்கொண்டது போர்த்துக்கேயத்தில்தான். ஒல்லாந்தரின் வீடுகளிலும் அதுவே புழங்கியது.

அதனால்தான் புரட்டஸ்தாந்துப் போதகர்களுக்கும் அது தேவைப்பட்டது. ஜொவாவ் ஃபெரெய்ரா டி அல்மெய்டா 1628இல் போர்த்துக்கலில் பிறந்தவர். சிறு வயதிலேயே கிழக்குக்கு வந்து, 1642இல் சீர்திருத்தச் சபையில் சேர்ந்தார். புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினாறு அளவில்தான். உங்களில் சிலருடைய வயது. 1656 முதல் சில ஆண்டுகள் இலங்கையிலும் தென்னிந்தியக் கரையிலும் ஊழியம் செய்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1681இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. பழைய ஏற்பாட்டில் எசேக்கியேல் வரை வந்து, 1691இல் பத்தாவியாவில் இறந்தார். மீதியை இன்னொரு போதகர் முடித்தார். இன்றும் போர்த்துக்கேயம் பேசும் புரட்டஸ்தாந்துச் சபைகளில் பரவலாக வாசிக்கப்படுவது அல்மெய்டாவின் பெயரைத் தாங்கிய வேதாகமம். லிஸ்பனில் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் போனால் கவனித்துப் பாருங்கள். அந்த மொழிபெயர்ப்பு ஐரோப்பாவில் அல்ல, நம்முடைய பக்கத்தில் உருவானது.

நம் தமிழ்ச் சபைகளின் கதையும் இதே வழியால்தான் வருகிறது. 1706 யூலை 9இல் சீகன்பால்குவும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். தமிழ் தெரியாது. கடைசிவரை தெரிந்துகொள்ளாமலே வியாபாரம் செய்துவிட்டுப் போன ஐரோப்பியர் அங்கே பலர். இவர்கள் இருவரும் முதலில் போர்த்துக்கேயத்தைப் படித்தார்கள். கம்பனியின் துபாஷியாக இருந்த அழகப்பனுக்கு அந்த மொழி தெரியும். அவருடைய உதவியோடு சீகன்பால்கு தமிழுக்குள் நுழைந்தார். சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். புளூட்சோ போர்த்துக்கேயம் பேசுகிறவர்களைப் பார்த்துக்கொண்டார். 1707 மே 12இல் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் தேனியருடைய வீடுகளில் இருந்த அடிமைகள். அதே ஆண்டு ஓகஸ்டில் திறந்த எருசலேம் ஆலயத்தில் தமிழிலும் போர்த்துக்கேயத்திலும் பிரசங்கம் நடந்தது. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது.

அந்த அடிமைகள் யாரும் பயணத்துக்காகப் போர்த்துக்கேயம் படிக்கவில்லை. எசமான் கூப்பிட்டால் விளங்கவேண்டும் என்பதற்காகப் படித்தார்கள். கட்டளை போட வந்த மொழியிலேயே, அவர்களைத் தேடி உட்கார்ந்து பேச இரண்டு பேர் வந்தார்கள். இந்த வித்தியாசம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இனிப் பயணத்துக்கு வருவோம். காலையில் 'போங் தீயா', தயவுசெய்து என்பதற்கு 'புர் ஃபவோர்'. நன்றி சொல்லும்போது தம்பிமார் 'ஒப்ரிகாது' என்றும் தங்கைமார் 'ஒப்ரிகாதா' என்றும் சொல்லவேண்டும். சொல்லுகிறவரைப் பொறுத்தே அது மாறும், கேட்கிறவரைப் பொறுத்து அல்ல. விலை கேட்க 'குவாந்து குஷ்தா?'. தண்ணீர் 'ஆக்வா'. கழிப்பறையை லிஸ்பனில் 'காசா த பாஞு' என்பார்கள். பிரேசில் காணொளிகளைப் பார்த்துப் படித்தவர்கள் கவனிக்கவும்: அங்கே அதற்கு வேறு சொல், உச்சரிப்பும் வேறு. லிஸ்பனில் சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' பெரும்பாலும் 'ஷ்' ஆகும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்குக் கடினமான 'ஞ' ஒலி நமக்குப் பிறவிச் சொத்து; தாராளமாகப் பாவியுங்கள்.

ஆச்சியின் மகளிடம் கேட்டு ஒரு துண்டுக் கடதாசியில் பத்துச் சொற்களை எழுதிக் கட்டிலருகே ஒட்டினேன். வலி 'தோர்', குளிர் 'ஃப்ரீயு'. எங்கள் வாட்டில் தமிழ் ஆச்சிமாரும் அப்புமாரும் வந்து படுப்பதுண்டு. அவர்களுடைய ஆங்கிலமும் ஒருநாள் போய்விடலாம். நோவுது, தண்ணி, சப்பாத்து என்று அவர்கள் சொல்லும்போது, பக்கத்தில் நிற்கிற ஒருவர் அந்தப் பத்துச் சொல்லையாவது படித்திருக்கவேண்டும் என்று விரும்புகிறேன். லிஸ்பனில் நீங்கள் முதலாவது 'ஒப்ரிகாதா' சொல்லும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.