விக்கி ஆவணங்களும் பாட ஒப்பீடும்

ஒரு நூலின் பல படிகளை ஒருங்குவைத்து, அவற்றிடைக் காணும் வேறுபாடுகளைக் குறித்து, ஏற்புடைய பாடத்தைத் துணிதல் பதிப்பாசிரியரின் முதற்கடன். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் வெளியிடுதற்கு முன் ஏட்டுச் சுவடிகள் பலவற்றை ஒப்புநோக்கி உழைத்தமை தமிழுலகம் நன்கறிந்தது. இன்று பலர் கூடி எழுதும் விக்கி ஆவணங்களில் ஒப்புநோக்கும் பணியை மென்பொருட் கருவிகள் நொடிப்பொழுதில் ஆற்றுகின்றன. அக்கருவிகள் தோன்றி வளர்ந்த வரலாற்றையும், அவை காட்டும் வேறுபாட்டை ஆராய்ச்சியாளர் எவ்வளவிற்குச் சான்றாகக் கொள்ளலாம் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியின் தோற்றம்

ஒப்பிடும் கருவி விக்கிக்கு முற்பட்டது. அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வகத்தில் உருவான யூனிக்சு இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்பில், 1974-இல், 'டிஃப்' என்னும் நிரல் இடம்பெற்றது. அதனை ஆக்கியவர் டக்ளசு மெக்கில்ராய். அதன் செயல்முறையை அவரும் சேம்சு ஹண்டும் 1976-இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டனர். இரு படிகளிலும் வரிசை பிறழாது வரும் பொதுப்பகுதிகளுள் மிக நீண்டதனைக் கண்டு, எஞ்சியவற்றை நீக்கம் என்றும் சேர்க்கை என்றும் பிரித்துக் காட்டுதலே அம்முறையின் சாரம். பின்னர் 1986-இல் யூசின் மையர்சு, ஒரு படியை மற்றொன்றாக மாற்றுதற்கு வேண்டும் மிகக் குறைந்த திருத்தங்களை விரைந்து காணும் வழியொன்றை வகுத்தார். இன்றுள்ள கருவிகள் பலவற்றிற்கும் அதுவே அடிப்படை.

இக்கருவி நிரல் எழுதுவோர்க்கென அமைந்தது. ஆதலின் அதன் அலகு வரி. விக்கியிலோ ஒரு பத்தி முழுவதும் பெரும்பாலும் ஒரே வரியாக அமையும். ஓர் எழுத்தைத் திருத்தினும் பத்தி முழுவதும் வேறுபட்டதாகவே கருவி கொள்ளும். இக்குறை நீங்கவே, முதலில் வரிகளையும் பின்னர் வேறுபட்ட வரியினுள் சொற்களையும் ஒப்பிடும் இருநிலை முறை விக்கி மென்பொருள்களில் இடம்பெற்றது. எவ்வலகைக் கொள்கிறோமோ அதற்கேற்பவே வேறுபாடு தோன்றும் என்பது இதனால் பெறப்படும்.

படிகளின் இழப்பும் மீட்பும்

முதல் விக்கியை வார்டு கன்னிங்காம் 1995 மார்ச்சு 25-இல் இணையத்தில் வெளியிட்டார். விக்கிப்பீடியா 2001 சனவரி 15-இலும், தமிழ் விக்கிப்பீடியா 2003-இலும் தொடங்கின. விக்கியில் ஒவ்வொரு திருத்தமும் நாள், நேரம், திருத்தியவர் பெயர் அல்லது அடையாளம் ஆகியவற்றுடன் தனிப்படியாகச் சேமிக்கப்படுதல் இன்று வழக்கம். சுவடிகளை ஆய்வார்க்கு எப்படி எதனின்று பிறந்தது என்பதே பெருஞ்சிக்கல்; விக்கியை ஆய்வார்க்கு அவ்வழிமுறை தெளிவாகவே கிடைக்கிறது.

எனினும் இது தொடக்கம் முதலே அமைந்த நிலையன்று. விக்கிப்பீடியா முதலிற் பயன்படுத்திய யூசுமாடு விக்கி என்னும் மென்பொருள், சில காலம் சென்றபின் பழைய படிகளை அழித்துவிடும் இயல்பினது. அதனால் தொடக்க மாதங்களின் திருத்தங்கள் பல மறைந்தன என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2010 திசம்பரில் டிம் சுடார்லிங், பழைய காப்புக் கோப்புகளிலிருந்து 2001 ஆகத்து வரையிலான திருத்தங்களைக் கண்டெடுத்தார். செல்லரித்த ஏடேயன்றி மின்னெழுத்தும் இழப்பிற்கு உரியதே என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

கருவி காட்டுவதும் காட்டாததும்

அ, ஆ, இ, ஈ என நான்கு பத்திகள் உள்ள ஓர் ஆவணத்தில் ஒருவர் மூன்றாம் பத்தியை முதலிற்கு மாற்றினார் எனக் கொள்வோம். வரிசை பிறழாத பொதுப்பகுதி அ, ஆ, ஈ என்பதே. எனவே இ என்னும் பத்தி ஓரிடத்தில் நீக்கப்பட்டதாகவும் மற்றோரிடத்தில் புதிதாக எழுதப்பட்டதாகவும் தோன்றும். அதனை எழுதியவர் ஒருவர். எழுதியதாகத் தோன்றுபவர் மற்றொருவர். இடம் மாறிய பத்திகளை அடையாளங்காட்டும் வசதி விக்கி மென்பொருளிற் பின்னரே சேர்க்கப்பட்டது. அடுத்தடுத்த இரு படிகளை மட்டும் நோக்கின் ஆசிரியரைத் தவறாகத் துணிய நேரும். ஆதலின், ஒவ்வொரு சொல்லையும் எல்லாப் படிகளினூடும் பின்தொடர்ந்து அதனை முதலில் எழுதியவரைக் காணும் 'விக்கிஊ' என்னும் முறையை ஆய்வாளர் 2014-இல் வெளியிட்டனர்.

தமிழெழுத்திற்குத் தனியே இரு இடர்கள் உள. 'கொ' என்பதனை ககரத்தின்பின் ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் ஒருங்குறியிற் பதியலாம். கண்ணிற்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறி விதியும் அவற்றை ஒன்றெனவே கொள்ளும். எழுத்துக்களை முன்னரே ஒருமுகப்படுத்தாத கருவியோ அங்கே வேறுபாடு காட்டும். இதற்கு மறுதலையானது 'கௌரவம்' என்னும் சொல். ஔகாரக் குறிக்கு மாறாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டு அதனை எழுதுவார் பலர். கண்ணிற்கு ஒன்றுபோலத் தோன்றினும் அது வேறெழுத்தே. ஒருங்குறி விதி அவற்றை ஒன்றாக்காது. முன்னதிற் கருவி இல்லாத வேறுபாட்டைக் காட்டுகிறது; பின்னதிற் கண் உள்ள வேறுபாட்டைக் காணத் தவறுகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், கருவி தருவது வேறுபாட்டின் பட்டியலே என்பது தெளிவாகும். திருத்தம் பிழைநீக்கமா, கருத்துமாற்றமா, திட்டமிட்ட திரிபா என்பதனைக் கருவி கூறாது. சாமிநாதையர் காலத்தில் ஒப்புநோக்குதலுக்கே பெரும்பொழுது சென்றது. அப்பொழுது இன்று நமக்கு மிஞ்சுகிறது. மிஞ்சிய பொழுதைப் பாடத்தைத் துணிவதிற் செலவிடுதல் வேண்டும். விக்கி ஆவணத்தை மேற்கோளாகக் காட்டும் ஆய்வு மாணவர், ஆவணத்தின் பெயரோடு அமையாது, தாம் கண்ட படியின் நாளையும் நிலைத்த இணைப்பையும் குறித்தல் வேண்டும். அங்ஙனம் குறியாத மேற்கோள், எச்சுவடி என்று கூறாது காட்டிய பாடத்தை ஒக்கும். பின்வருவார் அதனைச் சரிபார்த்தற்கு வழியிராது.