பெருந்தொற்றும் ஊருக்குள் வந்த மருத்துவமும்: யாழ்ப்பாணக் குடாநாடு

யாழ்ப்பாணக் குடாநாட்டைத் தாக்கிய பெருந்தொற்றுகளில் இரண்டு, அழிவோடு சேர்த்து எதிர்பாராத பயன் ஒன்றையும் விட்டுச் சென்றன. ஒன்று 19ஆம் நூற்றாண்டின் வாந்திபேதி. மற்றது 2020இன் கொரோனா. மருத்துவ அறிவு எங்கோ இருந்தால் போதாது, நோயாளியின் ஊரிலும் மொழியிலும் இருக்க வேண்டும் என்பதை இரண்டுமே உணர்த்தின. பெருந்தொற்றின் பயன் என்று இங்கே சொல்லத்தக்கது இந்த அண்மையே.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்கும் மழைநீரே கிணற்று நீர்; அதே வெடிப்புகளால் கழிவும் எளிதில் இறங்கும். வாந்திபேதிக்கு இது வாய்ப்பான நிலம். 1845-46இல் கடுமையாகப் பரவிய நோய் பின்னரும் பலமுறை திரும்பியது. சில மணி நேரத்திலேயே உடலின் நீர் வற்றி உயிர் போகும் நோயில், தூரத்து மருத்துவரால் பயனில்லை. 1847இல் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தியதோடு நிற்காமல், உள்ளூர் இளைஞர் 60 பேருக்கு மேல் மருத்துவம் பயிற்றினார். 1860களில் பாடமொழியையும் தமிழாக்கினார். ‘இரணவைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872), ‘கெமிஸ்தம்’ (1875) முதலிய நூல்கள் அந்த வகுப்பறையின் தேவைக்காகவே பிறந்தன. கிறீனின் காலத்திலேயே, அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் 1850இல் தொடங்கிய வைத்தியசாலையே இன்றைய யாழ். போதனா வைத்தியசாலையின் தொடக்கம்.

2020 மார்ச்சில் குடாநாட்டின் முதல் கொரோனாத் தொற்று அறியப்பட்டபோது, மாதிரிகளை வெளிமாகாண ஆய்வுகூடங்களுக்கு அனுப்பவேண்டியிருந்தது. ஏப்ரலில் யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலேயே பிசிஆர் பரிசோதனை தொடங்கியது. மூக்கிலிருந்தோ தொண்டையிலிருந்தோ பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரியில் வைரசின் ஆர்என்ஏ மிகச் சொற்பம். அதை டிஎன்ஏயாக மாற்றிச் சூடாக்கியும் ஆறவைத்தும் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கினால், 30 சுற்றில் ஒரு துண்டு ஏறத்தாழ 107 கோடியாகும். இந்த நுட்பத்தின் பயன் கொரோனாவோடு முடிவதில்லை. டெங்கு, எலிக்காய்ச்சல் போன்ற நோய்க்கிருமிகளையும் இதே முறையால் கண்டறியலாம்.

பெருந்தொற்று பயனும் தந்தது என்பதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். கிறீன் வாந்திபேதிக்காக வந்தவர் அல்லர், பிசிஆரும் 1983இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே இவை பெருந்தொற்றின் கொடை எப்படி ஆகும் என்பது முதலாவது. இது உண்மையே. பயிற்சி பெற்றவர்களும் 1978இல் உருவான மருத்துவ பீடமும் முன்பே இருந்திராவிட்டால், 2020இல் சில நாட்களுக்குள் எதுவும் நடந்திராது. பெருந்தொற்று அறிவை உண்டாக்குவதில்லை. இருக்கும் அறிவை ஊருக்குள் கொண்டுவரும் வேலையை இனித் தள்ளிப்போட முடியாது என்ற நிலையை உண்டாக்குகிறது. இரண்டாவது மறுப்பு கனமானது: இத்தனை சாவுகளுக்கு நடுவே பயனைப் பற்றிப் பேசலாமா? இழப்பை எந்தப் பயனும் ஈடுசெய்யாது. ஆனால் அந்த விலை கொடுத்துப் பெற்றதைக் கைவிடுவது இழந்தவர்களுக்கே செய்யும் துரோகமாகும். கிறீன் 1873இல் நாடு திரும்பியபின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. நூல்கள் எஞ்சின, வகுப்பறை மறைந்தது. மருத்துவ பீடத்தின் பிசிஆர் ஆய்வுகூடத்துக்கும் அந்த நிலை வராதிருக்க, வினைபொருளுக்கான பணமும் பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளரும் நோயற்ற ஆண்டுகளிலும் அங்கே இருக்க வேண்டும்.