பத்துக்காம்பரா லயம்

ஒரு குடும்பத்தின் இல்லாமையை அறிய நான் முதலில் கேட்கும் கேள்வி, "இருக்கிற வீடு யார் பேரில்?" என்பது. சம்பளத்தைப் பிறகுதான் கேட்பேன். இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் பத்துக்காம்பரா லயம் ஒன்றில், அதாவது தோட்டத் தொழிலாளருக்குக் கட்டிய பத்து அறை வரிசை வீட்டில் பிறந்து, தோட்டப் பாடசாலைகளிலேயே படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். எங்கள் ஆட்களின் வறுமையைப் பேசுகிறவர்கள் நாட்கூலியில் தொடங்கி நாட்கூலியிலேயே முடித்துவிடுவார்கள். எங்களை இறுகக் கட்டிப்போட்டது அந்தக் காம்பராதான் என்று நான் நினைக்கிறேன்.

1824இல் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரர் கோப்பித் தோட்டம் போட்டார். அதன்பின் மலை மலையாகக் காடு வெட்டப்பட்டது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் மாதங்களில்தான் ஆள் நிறைய வேண்டும். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துச் சனம் படகேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தது. வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே ஆயிரக்கணக்கில் கொண்டுபோயின. பறிப்பு முடிந்ததும் பலர் ஊருக்குத் திரும்பினார்கள். சில மாதம் தங்கிப் போகிற ஆம்பளைக்கு ஒரு கொட்டில் போதும் என்று அன்றைக்குத் தோட்டக்காரர் நினைத்திருக்கலாம்.

1869இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. பத்துப் பதினைந்து வருடத்தில் கோப்பி அழிந்தது. துரு நோய் காண்பதற்கு இரண்டு வருடம் முன்பே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டிருந்தார். தேயிலைக்குப் பருவம் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை கொழுந்து எடுத்தே ஆக வேண்டும்; அதனால் வருடம் முழுக்க ஆள் வேண்டும், பெண்கள் வேண்டும், பிள்ளைகளும் வேண்டும். குடும்பம் குடும்பமாக வந்து தங்கினார்கள். வேலை நிரந்தரமானது, ஆள் நிரந்தரமானது. காம்பரா மட்டும் வந்துபோகிற ஆளின் அளவிலேயே நின்றுவிட்டது. எங்கள் வரலாற்றில் எனக்கு ஆறாத கோபம் இந்த இடத்தில்தான்.

லயத்தில் முன்னால் ஐந்து காம்பரா, அவற்றின் முதுகோடு முதுகாகப் பின்னால் ஐந்து. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, அதற்கு முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதாவது சிறு திண்ணை. பின்சுவர் அடுத்த வீட்டுக்காரருடைய சுவராகவும் இருப்பதால் அந்தப் பக்கம் ஜன்னலுக்கு வழியில்லை. எங்கள் வீட்டில் அம்மாயி, அப்பா, அம்மா, பிள்ளைகள் ஐந்து பேர். அடுப்பும் உள்ளேதான். ஈர விறகு புகையும்போது அம்மாயி கதவுப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்து இருமுவார். தண்ணீருக்குப் பீலிக்கரை. கூரைத் தகரத்தில் ஓட்டை விழுந்தால் கணக்கப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும். அவர் துரையிடம் சொல்ல வேண்டும். சொந்தமாக ஓர் ஆணி அடிப்பதற்கும் அனுமதி வேண்டும். கல்யாணமான மகன் இஸ்தோப்பைத் தட்டியால் மறைத்துக் குடித்தனம் தொடங்குவான். இவையெல்லாம் பழங்கதை என்று யாரும் எண்ண வேண்டாம். என்னிடம் படித்த பிள்ளைகளில் பலர் இரவில் ஆட்கள் படுத்தபிறகு அந்த இஸ்தோப்பில் குப்பி விளக்கை வைத்துப் படித்தவர்கள்.

காம்பராவுக்கு வாடகை இல்லை. இதைச் சலுகை என்று சொல்கிறவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். வாடகை கொடுத்துக் குடியிருக்கிறவருக்குச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. எங்களுக்கு அதுவும் இல்லை. அன்றைக்குச் செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், பேர் இருக்கிறவரைதான் கூரை. பேரை வெட்டிப் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்தால் சட்டி பானையோடு ரோட்டுக்கு வர வேண்டியதுதான்.

அந்தக் காலத்தில் காம்பராவுக்கு வந்து சேரும் முன்பே கடன் தொடங்கிவிடும். ஊரில் ஆள் சேர்க்கும் பெரிய கங்காணி கொடுக்கும் முன்பணம், பயணச் செலவு, தோட்டத்துக்கு வந்ததும் கம்பளி, மாதாமாதம் அரிசி எல்லாம் ஆளின் பேரில் பற்று. கோப்பிக் காலத்தில் சம்பளமே மாதக்கணக்கில் தாமதமாகும். அதுவரை சாப்பிட்டது கடன். வேறு தோட்டத்துக்குப் போக நினைத்தால், இன்ன தொகையைக் கட்டினால் இவரை விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டம் எழுதித் தரும் 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆளை எடுக்கும். ஆளோடு சேர்ந்து கடனும் மலையேறும். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் எத்தனை ஆள் நின்றார்களோ அத்தனைக்கும் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குப் 'பென்ஸ் காசு' வேறு. காய்ச்சலில் கிடப்பவரையும் கங்காணி ஏன் அடித்து எழுப்பினார் என்பதற்கு அம்மாயி சொன்ன காரணம் இதுதான்.

1921இல் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளைக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான கூலி கிடைக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1931இல் ஹட்டனில் நடேசய்யர் தொழிற்சங்கம் தொடங்கினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டாகவே அரசியலைக் கொண்டுபோனார். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் செத்தார். சங்கத்தில் சேர்ந்தவர்களின் பேரை வெட்டுவது அன்றைக்கு எளிய தண்டனை. கூலியை உயர்த்தக் கேட்டவருக்குக் கூரை போனது.

சுதந்திரம் வந்த வருடமே குடியுரிமையும் போனது. 1947 தேர்தலில் எங்கள் வாக்கில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள். 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மிச்சத்தைப் பத்து வருடம் கழித்துப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவுக்குப் போகிறவர்களை ஹட்டன் ஸ்டேஷனில் இருந்து தலைமன்னாருக்கு ஏற்றிப்போன ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்று சொன்னோம். என் சின்னம்மா குடும்பம் அதில் போய், நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தோட்டத்தில் மறுபடியும் கொழுந்துக்கே கூடை கட்டியது.

போகாதவர்களுக்குப் பஞ்சம் வந்தது. 1973, 74ஐ அன்றைய பிரதமரின் பேரால் சிறிமா காலம் என்றுதான் எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். அரிசிப் பங்கீடு வெட்டப்பட்டது, மாவுக்கும் தட்டுப்பாடு. நாடு முழுக்கவும் கஷ்டம்தான். ஆனால் கிராமத்தில் ஒரு பலாமரம் இருந்தது, மரவள்ளி நட ஒரு மூலை இருந்தது. எங்களுக்கு லயத்தைச் சுற்றி நின்றதெல்லாம் தேயிலை, அதைத் தின்ன முடியாது. மரக்கறி போட ஒரு துண்டு நிலத்தைத் துரை கொடுத்திருந்தால் உண்டு. அம்மா கீரையை அவித்து உப்புப் போட்டுத் தந்தார்; கூலிக்கு நடந்தவர்கள் மலையிலேயே மயங்கி விழுந்தார்கள்; குடும்பம் குடும்பமாக டவுனுக்குப் பிச்சைக்குப் போனார்கள். 1974இல் தோட்டங்களில் சாவு விகிதம் மேலே பாய்ந்ததை அரசாங்கத்தின் சொந்தப் புள்ளிவிவரமே காட்டியது. என் கடைசித் தம்பி அந்தக் கணக்கில் ஒருவன்.

1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் கம்பெனிகளுக்கு நிர்வாகம் போனது, பிறகு நீண்ட குத்தகையும். பெயர்ப்பலகைகள் மாறின. லயம் மாறவில்லை.

2021 மார்ச்சில் நாட்கூலி 1,000 ரூபாய் ஆனபோது எங்கள் சனம் சந்தோஷப்பட்டது. ஓரிரு மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. உரமில்லாத செடியில் கொழுந்து இல்லை. நாளைக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு நிறையாவிட்டால் பல தோட்டங்களில் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான் விழும். கூடியது சட்டத்தில், குறைந்தது கையில். அடுத்த வருடம் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறியது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 95 வீதத்தைத் தொட்டது. ரொட்டிக்கு மாவு வாங்க முடியாத வீடுகளின் பிள்ளைகள் பாடசாலைக்கு வரவில்லை. ஆனால் நெருக்கடிக்கு முந்திய 2019இலேயே நாட்டின் வறுமை 14.3 வீதமாக இருக்க, தோட்டப்புறத்தில் 33.8 வீதம். 2016 கணக்கில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியோர் நாட்டில் 17 வீதம், தோட்டத்தில் 32 வீதம். 2022 எங்களுக்குப் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. இருந்ததை மற்றவர்களுக்கும் காட்டியது.

கூலி ஏறினாலும் காம்பரா ஏன் அப்படியே நிற்கிறது? அந்த நிலம் அரசினது, கம்பெனியின் குத்தகையில் இருக்கிறது. குடியிருப்பவரிடம் ஒரு தாள் இல்லை. உறுதிப் பத்திரம் இல்லாமல் வங்கி கடன் தராது. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காரணம் காட்டி, தோட்டத்துக்குள் ரோடு போடவும் குழாய் வைக்கவும் சபைகள் கைவிரித்தன; அது திருத்தப்பட்டது 2018இல்தான். கடிதம்கூட வீட்டுக்கு வராது, தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான என் மாணவி ஒருத்திக்குக் கடிதம் கிடைத்தபோது பதிவுத் தேதி முடிந்திருந்தது. அவள் இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. எழுந்து போக அவர்களுக்கு வேறு நிலம் எங்கே இருந்தது?

கடந்த பத்து வருடத்தில் ஏழு பேர்ச்சஸ் காணியில் தனித்தனி வீடுகள் எழும்பியிருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி இந்திய உதவி. ஜன்னல் வைத்த வீடு, தனிச் சமையலறை, நட ஒரு முற்றம். இதற்கு நான் மனமார நன்றி சொல்கிறேன். ஆனால் தேவைப்படுகிற குடும்பங்களை வைத்துப் பார்த்தால் கட்டியது மிகக் கொஞ்சம். கட்டிக் கொடுத்த பல வீடுகளுக்கும் முழு உறுதி இன்னும் வரவில்லை. ஓய்வுபெற்றபின் என் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து ஆட்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுப்பது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகர் கடிதம், கடைசியாக, அந்த நிலத்தை விடுவிப்பதாகத் தோட்ட நிர்வாகத்தின் கையெழுத்து. முதல் மூன்றும் ஒரு வாரத்தில் வந்துவிடுகின்றன.