தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பட்டதாரியான வரலாறு



கடந்த பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவி ஒருத்தி தன் தாயாருடன் பிரிக்பீல்ட்ஸில் என்னைச் சந்தித்தாள். எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தாள். "ஐயா, நானும் உங்களைப் போலத் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக வேண்டும். பட்டப்படிப்புக்கு எப்படி விண்ணப்பிப்பது?" என்று கேட்டாள். மகிழ்ச்சியோடு தேர்ச்சி அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். அதில் தமிழ்மொழிப் பாடமே இல்லை.

அவள் பயின்ற இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்கப் பதினைந்து மாணவர்கள் சேரவில்லையாம். வகுப்பு நடக்கவில்லை, அவளும் தேர்வுக்குப் பதியவில்லை. தமிழ்ப்பள்ளியில் கற்பிப்பதற்கான பட்டப்படிப்பில் சேர எஸ்.பி.எம். தமிழில் சிறந்த தேர்ச்சி வேண்டும் என்பதை அவளுக்கு எவரும் சொல்லவும் இல்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்குப் பட்டம் என்ற ஒன்று கைகூட இந்நாட்டில் எத்தனை தலைமுறை காத்திருந்தது என்பதை எண்ணிப் பார்த்தேன். அந்த வரலாற்றை இங்கே சுருக்கமாகப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

சட்டம் பள்ளியைத் தந்தது; ஆசிரியரைத் தரவில்லை

மலேசியாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக நாம் குறிப்பிடுவது 1816-ஆம் ஆண்டு. பினாங்கு பிரீ ஸ்கூலில் அவ்வாண்டு தமிழ் வகுப்பு தொடங்கியது. ஆயினும் தமிழ்ப்பள்ளிகள் பல்கிப் பெருகியது இரப்பர்த் தோட்டங்களில்தான். கல்வி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. நகர்ப்புறத்திலும் பள்ளிகள் எழுந்தன. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா தமிழ்ப்பள்ளி 1914-இல் தோன்றியது.

பள்ளி இருக்க வேண்டும் என்றது சட்டம். ஆனால் கற்பிப்பவர் யார்? ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணி, கிராணி, கோயில் பூசாரி, அல்லது பால்மரம் வெட்டிவிட்டு வரும் தொழிலாளி. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், எல்லா வகுப்புகளும் ஒரே கூரையின் கீழ். இதுவே பெரும்பாலான தோட்டங்களின் நிலை.

மலாய்ப் பள்ளி ஆசிரியர்களுக்காகத் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி 1922-இல் திறக்கப்பட்டது. மலாய்ப் பெண் ஆசிரியர்களுக்கு 1935-இல் மலாக்காவில் ஒரு கல்லூரி அமைந்தது. தமிழாசிரியர்களுக்கு அத்தகைய கல்லூரி எதுவும் அமையவில்லை. 1930-களின் பிற்பகுதியில்தான் பகுதிநேரப் பயிற்சி வகுப்புகள் தொடங்கின. வாரம் முழுதும் கற்பித்துவிட்டு வார இறுதியில் ஆசிரியர் மாணவராகி அமர்ந்தார்.

இங்கே கிள்ளான் தொழிலாளரை நன்றியோடு நினைக்க வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. தமிழ் நேசன் நாளேட்டில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் அதற்குத் தலைமை தாங்கினார். சம்பள உயர்வு, கள்ளுக்கடை மூடல், துரைமாருக்கு எதிரில் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை ஆகிய கோரிக்கைகளோடு, தங்கள் பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் அப்பட்டியலில் இருந்தது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். 'முறையான கல்வி' என்று கேட்ட அந்த எழுத்தறியாத பெற்றோர் முறையான ஆசிரியரையும் சேர்த்தே கேட்டார்கள் என்பது என் கருத்து.

ஒரே ஊரில் இரண்டு பாதைகள்

நாடு விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை அவற்றைத் தேசியக் கல்விமுறைக்குள் கொண்டுவந்தது. ஆசிரியர் பயிற்சியும் அக்காலத்தில் விரிவடைந்தது. இங்கிலாந்தின் கிர்க்பியிலும் பிரின்ஸ்ஃபோர்டு லாட்ஜிலும் மலாயா ஆசிரியர்களுக்கென்றே கல்லூரிகள் நடந்தன. துங்கு அப்துல் ரகுமான் 1956 பிப்ரவரியில் விடுதலை நாளை அறிவித்ததே கிர்க்பி மாணவர்கள் முன்னிலையில்தான். நம்மவர் சிலரும் அங்கே பயின்றனர். ஆனால் அந்தப் பயிற்சி தமிழ்ப்பள்ளிக்கானது அன்று.

தமிழ்ப்பள்ளிக்கு வந்தவர்கள் யார்? கிள்ளானில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் கதையைக் கூறியிருக்கிறார். தோட்டப்பள்ளியில் ஏழாம் வகுப்பு முடித்தவுடன் அதே பள்ளியில் கற்பிக்கத் தொடங்கினாராம். முந்திய ஆண்டு தம்மோடு கோலிக்குண்டு விளையாடிய பையன்கள் அடுத்த ஆண்டு எழுந்து நின்று வணக்கம் சொன்னார்களாம். சனிக்கிழமைதோறும் பேருந்து ஏறிப் பயிற்சி வகுப்புக்குச் சென்று, பல ஆண்டுகளுக்குப் பின்னரே பயிற்சி பெற்ற ஆசிரியரானார்.

இதே காலத்தில் மற்றொன்றும் நிகழ்ந்தது. 1956-இல் சிங்கப்பூரில் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1959-இல் கோலாலம்பூர் லெம்பா பந்தாய்க்கு வந்தது. தனிநாயகம் அடிகளார் அதன் தலைவராக விளங்கினார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடும் இந்நகரில் நடந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து அந்தப் பல்கலைக்கழகம் சிறிது நேரப் பேருந்துப் பயணம்தான். ஆனால் அங்கே தமிழில் பட்டம் பெற்றவர் இடைநிலைப்பள்ளிக்கோ அரசுப் பணிக்கோ சென்றார். தொடக்கப்பள்ளியில் 'அ' எழுதக் கற்பிக்கப் பட்டம் எதற்கு என்பதே அன்றைய எண்ணம். ஆகவே பட்டம் ஒரு பாதையிலும் தொடக்கப்பள்ளி மறு பாதையிலும் சென்றன.

சான்றிதழ், டிப்ளோமா, பட்டம்

நெடுங்காலம் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்குச் சான்றிதழே உச்சத் தகுதி. 1996-இல் மூன்றாண்டு டிப்ளோமா அறிமுகமானது. நானும் அந்த டிப்ளோமாவுடன் பணிக்கு வந்தவன்தான். பின்லாந்து நாடு 1970-களிலேயே தொடக்கப்பள்ளி ஆசிரியர் கல்வியைப் பல்கலைக்கழகத்திற்கு மாற்றி, 1979-இல் முதுகலைத் தகுதியைக் கட்டாயமாக்கியிருந்தது.

நம் நாட்டில் அம்மாற்றம் 2007 சனவரியில் வந்தது. ஆசிரியர் கல்லூரிகள் கல்விக் கழகங்களாகத் தரம் உயர்த்தப்பட்டு, பி.ஐ.எஸ்.எம்.பி. என்னும் நான்காண்டு இளங்கலைப் பட்டப்படிப்பு தொடங்கியது. தமிழ்ப்பள்ளிக்கான தமிழ்ப் பிரிவும் அதில் அடங்கும். மலாய் ஆசிரியர்களுக்காக எழுந்த தஞ்சோங் மாலிம் கல்லூரியும் 1997-இல் பல்கலைக்கழகமாகி, பின்னர்த் தமிழ்மொழிக் கல்வியில் பட்டம் வழங்கலாயிற்று.

தமிழ்நாட்டில் இன்றும் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை கற்பிக்க, மேல்நிலைக் கல்விக்குப் பின் ஈராண்டுப் பட்டயமும் தகுதித் தேர்வும் போதும். தொடக்கப்பள்ளித் தமிழ் வகுப்புக்கென்றே நான்காண்டுப் பட்டப்படிப்பு நடத்தும் நாடு மலேசியா என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

எங்களைப் போன்ற டிப்ளோமா ஆசிரியர்களுக்காக 2011-இல் பணியிடைப் பட்டப்படிப்பு தொடங்கியது. அடுத்த ஆண்டு நானும் சேர்ந்தேன். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் வகுப்பு. கிள்ளான் தலைமையாசிரியர் பேருந்தில் சென்றார். நான் மகிழுந்தில் சென்றேன். சனிக்கிழமை மட்டும் மாறவில்லை!

பட்டம் எதை மாற்றியது?

டி.ஜி.ஏ.29-லிருந்து டி.ஜி.41-க்குச் சம்பளம் உயர்ந்தது உண்மை. அதனை மறைப்பானேன்? ஆனால் வகுப்பறையில் என்ன மாறியது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்.

முன்பெல்லாம் ஒரு மாணவன் 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று எழுதினால், பத்து முறை எழுதி வா என்பேன். பட்டப்படிப்பில் செயலாய்வு செய்ய வேண்டியிருந்தது. ஆறு வாரம் என் மாணவர்களின் பிழைகளைக் குறித்து வைத்தேன். அவர்களுள் பலர் லகரத்தையும் ளகரத்தையும் செவியிலேயே வேறுபடுத்தவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. காதுக்குக் கேட்காத வேறுபாட்டைக் கை எப்படி எழுதும்? முதலில் கேட்கவும் ஒலிக்கவும் பயிற்சி தந்தேன், பிழை குறைந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் என்னிடம் பத்து முறை எழுதிய பிள்ளைகளை நினைத்தால் இன்றும் நெஞ்சு உறுத்துகிறது.

இனி யார் வருவார்?

இன்று ஏறத்தாழ 530 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுக்கு வேண்டிய ஆசிரியர்கள் எஸ்.பி.எம். தமிழ் எழுதும் மாணவர்களிடமிருந்தே வர வேண்டும். 2009-இல் தேர்வுப் பாடங்களுக்குப் பத்து என்று வரம்பு விதிக்கப்பட்டபோது நம் சமூகம் குரல் எழுப்பியது. வரம்பு பன்னிரண்டாக உயர்ந்தது. அந்த விழிப்பு ஒவ்வோர் இடைநிலைப்பள்ளியிலும் வேண்டும்.

பெற்றோர்களே! பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் வகுப்பு நடத்த 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடமளிக்கிறது. முதலாம் படிவத்திலேயே ஒன்றுகூடிக் கடிதம் கொடுங்கள். வகுப்பு அமையாவிடினும் தேர்வுக்குத் தமிழைப் பதிவு செய்ய மறவாதீர்கள். ஆறாம் ஆண்டு ஆசிரியர்களாகிய நாமும் மாணவர்களை வழியனுப்பும்போதே இதைச் சொல்லியனுப்ப வேண்டும். என் மாணவிக்கு நான் சொல்லத் தவறினேன்.

அவள் இவ்வாண்டு தனியார் தேர்வாளராகத் தமிழ்த்தாளை எழுதவிருக்கிறாள். அதன் பின் கதவு திறக்குமா என்பது தெரியவில்லை. இப்போதைக்குச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டிற்கு வருகிறாள். சென்ற வாரம் தன் தோழி ஒருத்தியையும் அழைத்து வந்தாள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்