சர்ரா: ஒரு குதிரைக் காய்ச்சலின் கதை

சின்ன வயசில் எனக்குத் தெரிந்த குதிரைகள் இரண்டே வகை. அய்யனார் கோயில் மண் குதிரை, திருவிழாவில் சாமி ஏறிவரும் வாகனக் குதிரை. இரண்டுக்கும் காய்ச்சல் வராது. பிழைப்புக்காக நொய்டா வந்த பிறகுதான் நிஜக் குதிரைக்குப் பக்கத்து வீட்டுக்காரன் ஆனேன்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சாச்சா கல்யாணக் குதிரை வைத்திருக்கிறார். வெள்ளைப் பெண் குதிரை. இந்தப் பக்கம் மாப்பிள்ளை அதில் ஏறித்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். கார்த்திகை ஏகாதசி கழிந்து முகூர்த்தம் ஆரம்பித்தால் ஒரே ராத்திரியில் இரண்டு ஊர்வலம்கூட உண்டு. மீதி மாசமெல்லாம் தீனிச் செலவுதான்.

போன வருஷம் மழை ஓய்ந்த கையோடு அந்தக் குதிரைக்குக் காய்ச்சல். விட்டது, திரும்ப வந்தது. தின்றுகொண்டே இளைத்தது, கால் வீங்கியது. டாக்டர் வந்து ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "சர்ரா."

"ஈ கடிச்சு வந்தது பேட்டா. எங்க தாத்தாவே சொல்வார்" என்றார் சாச்சா. அந்தத் தாத்தா சொன்னது எத்தனை பழசு என்று தேடப்போய்த்தான் இந்தக் கதை கிடைத்தது.

1880. சிந்து நதிக்கரையில் தேரா இஸ்மாயில் கான் (இப்போது பாகிஸ்தானில்). ராணுவக் குதிரைகளும் ஒட்டகங்களும் இளைத்து இளைத்துச் செத்துக்கொண்டிருந்தன. காரணம் கண்டுபிடிக்க கிரிஃபித் எவான்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவரை அனுப்பினார்கள். வேல்ஸ்காரர், கனடாவில் மனித மருத்துவமும் படித்தவர். நோயுற்ற குதிரையின் ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். சிவப்பணுக்களுக்கு நடுவே ஏதோ நெளிந்து ஓடியது. அந்த ரத்தத்தை நாய்க்கும் நல்ல குதிரைக்கும் செலுத்தினார், அவற்றுக்கும் நோய் வந்தது. இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

ஆனால் மேலிடம் நம்பவில்லை. அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது என்றே சொல்வேன். 1878-ல் கல்கத்தாவில் டிமோதி லூயிஸ் எலி ரத்தத்தில் இதே மாதிரி உயிரிகளைப் பார்த்திருந்தார். எலிகளோ ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. அப்படியென்றால் குதிரை ரத்தத்தில் இருப்பதும் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் பிராணிதானே? கிருமியால்தான் நோய் வருகிறது என்பதையே பெரிய மருத்துவர்கள் பலர் ஏற்காத காலம் அது.

எவான்ஸின் அறிக்கையில் எனக்குப் பிடித்தது வேறொரு விஷயம். பெரிய ஈக்கள் கடிப்பதால் நோய் வருகிறது என்று உள்ளூர்க்காரர்கள் சொன்னதையும் அவர் ஒதுக்காமல் எழுதி வைத்தார். சாச்சாவின் தாத்தாவுக்கும் முந்தைய தாத்தாக்கள்! வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் குதிரைக்காரன் பேச்சைக் காதில் வாங்கியதே பெரிய விஷயம்தான்.

1885-ல் பர்மாவில் கோவேறு கழுதைகளில் இதே கிருமியைக் கண்ட ஸ்டீல், அதற்கு எவான்ஸின் பெயரையே வைத்தார் (இனத்தைத் தப்பாகச் சொன்னாலும்). பத்து வருஷம் கழித்து ஆப்பிரிக்காவில் டேவிட் புரூஸ், கால்நடைகளைக் கொல்லும் நகானா நோய்க்கு இதன் உறவுக்காரக் கிருமியே காரணம் என்று காட்டினார். அதற்கப்புறம்தான் எவான்ஸ் பக்கம் உலகம் திரும்பியது. ஈ விஷயத்தை 1901-ல் லியனார்ட் ரோஜர்ஸ் இந்தியாவில் சோதித்து நிரூபித்தார். நோயுள்ள பிராணியைக் கடித்த ஈ உடனே இன்னொன்றைக் கடித்தால் தொற்றியது. நேரம் கடந்தால் தொற்றவில்லை. ஈயின் வாயில் ஒட்டிய ரத்தம் காய்வதற்குள் நடக்கிற சமாச்சாரம் இது. பாதிக் கடியில் குதிரை வாலால் விரட்ட, ஈ பக்கத்துக் குதிரையில் சாப்பாட்டை முடிக்கிறது.

எவான்ஸ் 1890-ல் ஓய்வு பெற்று வேல்ஸுக்குத் திரும்பினார். 1917-ல் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி அவருக்கு மேரி கிங்ஸ்லி பதக்கம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. நூறு வயது வாழ்ந்து 1935-ல் காலமானார். அதே 1880-ல் அல்ஜீரியாவில் மலேரியாக் கிருமியைக் கண்ட லாவரானுக்கு 1907-லேயே நோபல் பரிசு. குதிரை வியாதிக்கு மவுசு கம்மி, வேறென்ன!

மனிதனுக்கு இது வராது என்றுதான் நம்பியிருந்தார்கள். 2004-ல் மகாராஷ்டிரத்தில் ஒரு விவசாயியின் ரத்தத்தில் இதே கிருமி இருந்தது. நம் ரத்தத்தில் இந்தக் கிருமியைக் கொல்லும் புரதம் ஒன்று உண்டு. அவர் உடம்பில் பிறவியிலேயே அது வேலை செய்யவில்லை. மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள்.

சாச்சாவின் குதிரைக்கு குயினாபைரமின் ஊசி போட்டார்கள். ஹரியானாவின் ஹிசாரில் 1980-களில் தொடங்கிய தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இருக்கிறது, இந்த நோய்க்கான ரத்தப் பரிசோதனையும் அங்கே செய்கிறார்கள். அந்தத் தகவலைத் தேடிக் கொடுத்ததுதான் என் பங்கு. நோய் பிடிப்பது ஈக்கள் பெருகும் மழைக்கால ஒட்டில், வருமானம் வருவது அதற்கு அடுத்த மாசம். நவம்பர் முகூர்த்தம் அத்தனையையும் சாச்சா இன்னொரு குதிரைக்காரருக்கு விட்டுக்கொடுத்தார், வாங்கிய முன்பணத்தையும் திருப்பினார்.

டிசம்பர் கடைசியில் ஒரு ராத்திரி பேண்டு சத்தம் கேட்டு பால்கனிக்கு வந்தேன். சாச்சாதான் கடிவாளத்தைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தார். மாப்பிள்ளை நல்ல கனம். ஆனந்தமாக ஆடிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவில் அவர் மட்டும் குனிந்து குனிந்து குதிரையின் காலையே பார்த்துக்கொண்டு நடந்தார்.